சுக்கானி பாயின் பதினேழாம் நம்பர் பெர்த்

இந்த உலகத்தில் ஒரு தலைமையாசிரியரை, அவருடைய சொந்தப் பள்ளிக்கூடத்திலேயே, "உங்க பேர் லிஸ்ட்ல இல்ல சார்" என்று சொல்லி ஓர் அறைக்கு வெளியே நிறுத்திவைத்த மனிதர் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் சுக்கானி பாய். சும்மா நிறுத்தவும் இல்லை. பட்டப்பகல் பதினோரு மணிக்கு எச்.எம். முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். கையிலிருந்த பட்டியலில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று கீழிருந்து மேலாகவும் ஒரு தரம் ஓட்டினார். அதற்குப் பிறகுதான் சொன்னார். எச்.எம். தமிழ்க்காரர்தான், ஆனால் கோபம் வந்தால் இந்திக்கு மாறிவிடுவார். அன்றைக்கு அவர் பேசிய இந்தியில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியை இங்கே எழுத முடியாது.

சுக்கானி என்றால் கப்பலின் சக்கரத்தைப் பிடித்துத் திருப்புகிறவர். பாய் தன் வாழ்நாளில் ஒரு நிமிடம்கூட அந்தச் சக்கரத்தைத் தொட்டதில்லை என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. தீவுகளுக்கிடையே ஓடும் ஒரு கப்பலில், ஏணி வாசலில் நின்று, ஏறுகிறவர்களின் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பயணிகள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து உள்ளே விடுவதுதான் அவருடைய வேலை. ஆனால் பேச ஆரம்பித்தால், கப்பலைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் ஹட் பே துறைமுகத்தில் இறக்கிவைத்துவிட்டு வந்தவர் மாதிரி பேசுவார். அதனால் எங்கள் ஊர் ஜங்லிகாட் கடைத்தெருவில் யாரோ வைத்த பெயர் அது. நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். ஜங்லிகாட் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே எட்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை, பாடம் சமூக அறிவியல். கணக்கு எனக்கு வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

பாய் வேலை பார்த்த கப்பலுக்கு வயதாகி ஓய்வு கொடுத்தார்கள். பாய்க்கு ஓய்வு வர இன்னும் சில வருடம் இருந்தது. எந்த மேசையில் யார் எதை நினைத்துக் கையெழுத்துப் போட்டார்களோ தெரியாது, மூன்று வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, லேப் உதவியாளர் என்று சொல்லிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். கழுத்தில் விசில், கையில் டார்ச், கக்கத்தில் நீளமான ஒரு நோட்டு. அவர் வந்த அதே வாரம் மெயின்லேண்டிலிருந்து முப்பது டேப்லட் வந்து இறங்கின. இரண்டும் ஒரே கப்பலில் வந்திருக்குமோ என்று எச்.எம். கொஞ்ச நாள் சந்தேகப்பட்டார்.

டேப் எல்லாம் என் வகுப்புக்கு. பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர். முப்பது பேருக்கு ஆளுக்கு ஒன்று, மீதிப் பன்னிரண்டு பேர் காத்திருப்புப் பட்டியலில். டேப்புக்குள் ஒரு பாடச் செயலி இருந்தது. அதற்காக என்னை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சியில் எனக்கு முழுதாக விளங்கியது மதியச் சாப்பாடு மட்டும்தான். மற்றபடி நான் புரிந்துகொண்டது இவ்வளவு: ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஐடி, தனி பாஸ்வேர்ட். செயலி கேள்வி கேட்கும். சரியாகச் சொன்னால் அடுத்து கஷ்டமான கேள்வி, தப்பாகச் சொன்னால் சுலபமான கேள்வி. முப்பது நாள் சேர்ந்தாற்போல் ஒரு பிள்ளை உள்ளே போகாவிட்டால் அந்த ஐடி செத்துவிடும், டேப் காத்திருப்புப் பட்டியலில் முதல் பெயருக்குப் போய்விடும். இந்தக் கடைசி விதியைத்தான் பாய் நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டார்.

டேப்களுக்கு ஒன்று முதல் முப்பது வரை எண் ஒட்டச் சொன்னார் எச்.எம். பாய் ஒட்டினார். ஆனால் அவருக்கு அவை எண்கள் அல்ல, பெர்த்கள். அலமாரியின் மேல்தட்டு அப்பர் டெக், கீழ்த்தட்டு லோயர் டெக். சார்ஜ் போடுவதற்குப் பெயர் தண்ணி ஏற்றுவது. நெட் வராவிட்டால் கடல் ரஃப். செயலி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்தால் கப்பல் டிரை டாக்கில் பழுதுக்கு நிற்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் அவசரமாகப் போய், பிள்ளைகளுக்கு இன்றைக்கு டேப் கிடைக்குமா என்று கேட்டேன்.

"தண்ணி பாதிதான் ஏறியிருக்கு டீச்சர். கடலும் ரஃபா இருக்கு. லோயர் டெக்ல அஞ்சு டிரை டாக்ல நிக்குது."

கிடைக்குமா, கிடைக்காதா என்று தெரியாமலே வகுப்புக்குத் திரும்பினேன். பிள்ளைகள் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை, அவர் சொன்னதையே சொன்னேன். அவர்கள் மட்டும் தலையாட்டிவிட்டுப் புத்தகத்தை எடுத்தார்கள்.

லேபுக்குள் போவது லேசுப்பட்ட காரியமில்லை. வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். "ஜல்தி நை, லைன் மே!", அவசரம் கூடாது, வரிசையில் வா என்று ஒரு விசில். ஒவ்வொருவராக வந்து தன் பெயர், அப்பா பெயர், பெர்த் நம்பர் மூன்றையும் சொல்ல வேண்டும். பாய் முகத்தில் டார்ச் அடிப்பார், பட்டியலைப் பார்ப்பார், மறுபடி முகத்தைப் பார்ப்பார். தினம் பார்க்கிற முகம்தான். நேற்று வந்தவன்தான் இன்றைக்கும் வந்திருக்கிறான் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்பது அவர் கேள்வி. இரண்டு பெண்கள் விளையாட்டுக்கு டேப்பை மாற்றிக்கொண்ட அன்று, யாரோ கடலில் விழுந்துவிட்டது போல விசில் ஊதிப் பள்ளிக்கூடத்தையே கூட்டிவிட்டார். ஒரு பையன் பாடம் படிக்காமல் மின்விசிறியை நாற்பது போட்டோ எடுத்திருந்தான். பாய் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. நீள நோட்டில் எழுதிக்கொண்டார்: "பெர்த் 9. பயணி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்."

திங்கட்கிழமைதோறும் கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஒரு ஒத்திகை. விசில் அடித்ததும் முப்பது பிள்ளைகளும் டேப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, தள்ளுமுள்ளு இல்லாமல் கொடிக்கம்பம் வரை நடந்து போய் நிற்க வேண்டும். டேப்புக்குத்தான் உள்ளேயே பேட்டரி இருக்கிறதே, கரண்ட் போனால் என்ன என்று எச்.எம். கேட்டார்.

"பேட்டரி டேப்புக்கு இருக்கு சார். புள்ளைங்களுக்கு?" என்றார் பாய்.

எச்.எம். ரொம்ப நேரம் யோசித்தார். ஒத்திகை தொடர்ந்தது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பாஸ்வேர்டை மறந்துவிடுவார்கள் என்பதால் முப்பது பாஸ்வேர்டையும் பாய் தன் நீள நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பூட்டி வைத்திருந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் டிக்கெட் நகல்.

பதினேழாம் நம்பர் பெர்த் தர்ஷினியுடையது. அப்பா லம்பா லைனில் ஆட்டோ ஓட்டுகிறார். சிறுவயதிலிருந்தே அவளுக்கு இடது கால் எலும்பில் கோளாறு, சாய்ந்து சாய்ந்துதான் நடப்பாள். விளையாட்டு வகுப்பில் மற்றவர்கள் கோகோ ஓடும்போது அவள் லேபுக்கு வந்துவிடுவாள். ஓடுகிற விஷயத்தில் எல்லோருக்கும் கடைசி. டேப்பில் எல்லோருக்கும் முதல். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஏழாம் வகுப்புக் கேள்வியில் முக்கிக்கொண்டிருக்கும்போது செயலி அவளிடம் ஒன்பதாம் வகுப்புக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. அதை யாரிடமும் பெருமையாகச் சொல்லமாட்டாள். யாராவது எட்டிப் பார்க்கும்படி டேப்பைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

அந்த வருட மழைக்காலத்தில் அவளுக்குச் சென்னையில் ஆபரேஷன் என்று முடிவானது. இரண்டு மாதம் ஆகலாம், மூன்றும் ஆகலாம் என்றார்கள். புறப்படுவதற்கு முந்தின நாள் லேப் வாசலில் வந்து நின்று, பெயர், அப்பா பெயர், பெர்த் நம்பர் எல்லாம் சொல்லிவிட்டு, உள்ளே வராமல் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பாய், நான் வர்றதுக்குள்ள என் ஐடி போயிருமா?"

டேப் பள்ளிக்கூட வைஃபையில் மட்டும்தான் வேலை செய்யும், வெளியே கொடுக்கவும் விதி இல்லை. பாய் அவள் முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். நான்தான் அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று, தெரியாத விஷயத்தில் டீச்சர்கள் சொல்லுகிற பொய்யைச் சொல்லி அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து எங்கள் மாதாந்தரக் கூட்டம். எச்.எம். செயலி அனுப்பிய அறிக்கையை வாசித்தார். பள்ளியிலேயே ஒரு நாள் விடாமல் டேப்பைப் பயன்படுத்திய ஒரே மாணவி தர்ஷினி என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பாதித் தட்டலில்தான் அவள் சென்னையில் இருப்பது ஞாபகம் வந்தது.

சொன்னேன். அவள் அங்கேயிருந்து படிக்கிறாள் போலிருக்கிறது, இதுதான் டெக்னாலஜி என்றார் எச்.எம். டேப் நம் அலமாரியில் அல்லவா இருக்கிறது என்றேன். டேப் எங்கே இருந்தால் என்ன, ஐடி எங்கேயும் போகும் என்றார். எனக்கு அது தப்பு என்று தோன்றியது. ஆனால் ஏன் தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. இந்த டேப்கள் வந்ததிலிருந்து என் வாழ்க்கையே அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டே படிக்கும் முன்மாதிரி மாணவி என்று எச்.எம். அன்றைக்கே மேலிடத்துக்குக் கடிதம் அனுப்பிவிட்டார்.

அன்று மாலை அந்த அறிக்கையின் இரண்டாம் பக்கத்தைப் பார்த்தேன். கணக்கில் தர்ஷினி ஒன்பதாம் வகுப்பிலிருந்து எட்டு, ஏழு, ஆறு என்று ஒவ்வொரு படியாக இறங்கி மூன்றாம் வகுப்பில் வந்து நின்றிருந்தாள். பின்னங்களில் அடிப்படைப் பயிற்சி தேவை என்று செயலி எழுதியிருந்தது. அதே செயலி, காற்றின் திசை, கடல் ஓதம், அமாவாசை பௌர்ணமி ஆகியவற்றில் இவர் அபாரம் என்றும் எழுதியிருந்தது. மயக்க மருந்து கொடுத்ததில் பிள்ளைக்கு மூளையில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து, உடனே அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சுற்றிவளைத்து, குழந்தை கணக்கை மறந்துவிட்ட மாதிரி தெரிகிறது என்றேன்.

அவர் "மேடம், ஆபரேஷன் கால்லதான் பண்ணாங்க. கணக்கு எப்படி மேடம் போகும்?" என்றார்.

அது நியாயமான கேள்விதான். ஆனால் மனுஷன் பயந்துபோய் டாக்டரிடமே கேட்டுவிட்டார். எலும்பு டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கட்டிலருகே வந்து ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்லியிருக்கிறார். தர்ஷினி பதினேழாம் வாய்ப்பாடு வரை சொல்லிவிட்டு, இதை ஏன் கேட்கிறீர்கள் என்று டாக்டரைக் கேட்டிருக்கிறாள். அவருக்கும் தெரியவில்லை. மறுநாள் அவளே எனக்குப் போன் செய்தாள்.

"மிஸ், நான் டேப்பைத் தொட்டே ஒரு மாசம் ஆச்சு. அப்ப என் ஐடியில யாரு இருக்கா?"

தன் இடத்தை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள், அந்த யாரோவுக்குக் கணக்கு வரவில்லை, இரண்டும் சேர்ந்து அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கண்டுபிடிக்க அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேப் உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுக்கானி பாய் பெஞ்சில் உட்கார்ந்து, பதினேழாம் நம்பர் டேப்பைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, அதன் மேல் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு பாக்கெட் பிஸ்கட். சிலது பாதியாக, சிலது கால்வாசியாக உடைத்து வரிசையாக வைத்திருந்தார். கதவைத் தட்டினேன். பிடிபட்டவர் மாதிரி திடுக்கிடுவார் என்று எதிர்பார்த்தேன். உதவிக்கு ஆள் வந்துவிட்டது போலக் கதவைத் திறந்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க டீச்சர். முக்காலும் அரையும் சேர்ந்தா எவ்வளவு?"

நான் கோபமாகத்தான் உள்ளே போனேன். ஆனால் கேள்வி கேட்கப்பட்டுவிட்டதே. பிஸ்கட்டைக் கூட்டிப் பார்த்து ஒன்றேகால் என்றேன். பாய் ஒன்றேகாலை அழுத்தினார். செயலி தப்பு என்றது. இரண்டு பேரும் மறுபடி பிஸ்கட்டை எண்ணினோம். ஒன்றேகால்தான். மறுபடி அழுத்தினார், மறுபடி தப்பு என்றது. ஐந்தின் கீழ் நான்கு என்று எழுதினால்தான் அதற்குப் பிடிக்குமாம். அது பிறகு கணக்கு டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் செயலி எங்களை இன்னும் சுலபமான கேள்விக்கு இறக்கிவிட்டது.

பாய், இது என்ன வேலை என்று அப்போதுதான் கேட்டேன். இன்னொருத்தர் ஐடியில் உட்கார்வது தப்பு, மேலே தெரிந்தால் உங்கள் வேலை போகும், அந்தப் பிள்ளை அங்கே அழுகிறது என்று ஒரே மூச்சில் சொன்னேன். அழுகிறது என்றதும் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

தீவுக் கப்பல்களில் நோயாளிக்கென்று இடம் ஒதுக்குவார்கள். நோயாளி வரும் வண்டி தாமதமாகலாம், கடைசி நிமிடத்தில் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடிவரலாம். அதனால் எவ்வளவு கூட்டம் கெஞ்சினாலும், கப்பல் புறப்பட ஏணியைத் தூக்கும் வரை அந்த இடத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஆனால் காலியாக விட்டால் எவனாவது ஓடிவந்து துண்டைப் போட்டு உட்கார்ந்துவிடுவான். அதனால் நோயாளி வருகிறவரை பாயே போய் அதில் உட்கார்ந்துகொள்வாராம். நோயாளி வந்ததும் எழுந்து கொடுத்துவிட்டு ஏணிக்கு வருவாராம். இதைத்தான் அன்றைக்கு எனக்குச் சொன்னார்.

"தப்புதான் டீச்சர். தெரியும். ஆனா வைத்தியத்துக்குப் போன புள்ள திரும்பி வந்து பாக்குறப்ப சீட்டு இல்லன்னா, அது சரியா?"

தப்பு எது, சரி எது என்பதெல்லாம் காலையில் பாடம் நடத்தும்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அன்று மாலை தர்ஷினிக்குப் போன் செய்து, உன் இடத்தில் சுக்கானி பாய்தான் உட்கார்ந்திருக்கிறார் என்றேன். அவள், "பாய்க்குப் பின்னம் வராதா மிஸ்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அவள் அப்பா பிறகு சொன்னார். எச்.எம்மிடம் சொல்வதா வேண்டாமா என்று எனக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. அந்த ஒரு வாரமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிஸ்கட் உடைக்கப் போய்க்கொண்டிருந்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

எட்டாம் நாள் மேலிடத்திலிருந்து ஒரு மேடம் வந்தார், முன்மாதிரி மாணவியைப் பார்க்க. எங்கள் தீவுகளின் வடகோடியில், திக்லிப்பூரில் பிறந்து வளர்ந்த வங்காளி, எல்லோரிடமும் இந்தியில்தான் பேசினார். எச்.எம். புதுச்சட்டை போட்டிருந்தார். மாணவி மருத்துவமனையில் இருப்பதைப் பெருமையாகச் சொன்னார். டேப் எங்கே என்று மேடம் கேட்டார். அலமாரியில் என்றார் எச்.எம். அப்படியானால் தினமும் உள்ளே போனது யார் என்று மேடம் கேட்டார். ஐடி எங்கேயும் போகும் என்று ஆரம்பித்த எச்.எம். பாதியில் நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். நாற்பது போட்டோ எடுக்கும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

சுக்கானி பாய் முன்னால் வந்து, நீள நோட்டைப் பிரித்து மேடம் முன் வைத்தார். ஒவ்வொரு நாளும் எழுதியிருந்தார். "பெர்த் 17. பயணி வைத்தியத்தில். இடம் காக்கப்படுகிறது. உட்கார்ந்தவர்: நான்." ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. கீழே ஒவ்வொரு சனிக்கிழமையும் எச்.எம். கையெழுத்துப் போட்டிருந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் ஒரு நாளும் வாசித்ததில்லை. நான் மட்டும் வாசித்தேனா என்ன?

எச்.எம். உரத்த இந்தியில் ஆரம்பித்தார். பொய்ப் பதிவு, விசாரணை, சஸ்பென்ஷன் என்று வார்த்தைகள் வந்தன. பாய் டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். தன்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், பதினேழாம் நம்பரை மட்டும் யாருக்கும் எழுதிவிடாதீர்கள், அது நோயாளி சீட்டு என்று தனக்குத் தெரிந்த இந்தியில் மேடத்திடம் சொன்னார்.

தீவில் பிறந்த யாருக்கும் நோயாளி சீட்டு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மேடம் கையைக் காட்டி எச்.எம்மை நிறுத்தினார். நோட்டின் பக்கங்களை மெதுவாகப் புரட்டினார். பிறகு பாயைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏணியைத் தூக்கியாச்சா?"

"இன்னும் இல்ல மேடம்."

மேடம் டேப்பை வாங்கினார். எங்கேயோ அழுத்தினார், எங்கேயோ தள்ளினார், மூன்றாவதாக ஒரு பக்கத்தைத் திறந்து எங்களிடம் காட்டினார். மருத்துவ விடுப்பு என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் முப்பது நாள் கணக்கு நின்றுவிடும், பிள்ளை திரும்பி வரும்வரை ஐடிக்கு ஒன்றும் ஆகாது. முதல் நாளிலிருந்தே அது அங்கேதான் இருந்திருக்கிறது. எனக்கு அதைப் பயிற்சியில் சொல்லித் தந்ததாகவும் மேடம் சொன்னார். அது சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று யோசித்தேன், நினைவில்லை.

பாய் அந்தப் பட்டன் மேல் டார்ச் அடித்து, குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

"இதுலயும் நோயாளி கோட்டா வச்சிருக்கான்" என்றார். அந்தச் செயலி மேல் அவருக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

இனிமேல் இன்னொருவர் ஐடியில் உட்காரக் கூடாது என்று மேடம் கண்டிப்பாகச் சொன்னார். தர்ஷினிக்காக அந்தப் பட்டனைத் தானே அழுத்தினார், விசாரணை எதுவும் எழுதவில்லை. போகும்போது, இவ்வளவு ஆர்வமாக இருப்பவருக்குச் சொந்தமாகவே ஒரு ஐடி கொடுத்துவிடுங்கள், பழைய டேப் ஒன்று அனுப்புகிறேன் என்று எச்.எம்மிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்படித்தான் எங்கள் பள்ளியில் முப்பத்தோராம் நம்பர் பெர்த் வந்தது. செயலி அவரை மூன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டது.

தர்ஷினி மூன்று மாதம் கழித்து வந்தாள். அக்குளில் ஊன்றுகோல், கால் நேராகிக்கொண்டிருந்தது. நேரே லேப் வாசலில் போய் நின்றாள். பாய் டார்ச் அடித்தார். பெயர் சொன்னாள், அப்பா பெயர் சொன்னாள், நம்பர் சொன்னாள். பட்டியலில் விரலை மேலிருந்து கீழாக ஓட்டினார், கீழிருந்து மேலாக ஓட்டினார். "பதினேழு. ஏறு புள்ள" என்றார். அவள் டேப்பைத் திறந்ததும், ராமுவிடம் நான்கு ஆப்பிள் இருந்தால் அதில் பாதி எத்தனை என்று செயலி கேட்டது.

"பாய், நான் எட்டாங்கிளாஸ்."

"இறக்கினது நான்தான் புள்ள. ஏத்துறது உன் வேலை."

பத்தே நாளில் ஒன்பதாம் வகுப்புக்கு ஏறிவிட்டாள். இப்போது மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். ஊன்றுகோல் இல்லை.

பாயும் தன் பெர்த்தில் மெதுவாக ஏறிக்கொண்டுதான் இருந்தார். மூன்று வருடத்தில் ஐந்தாம் வகுப்பு. ஐந்தின் கீழ் நான்கு என்று எழுதத் தெரிந்த அன்று எனக்கு ஒரு முழு பிஸ்கட் கொடுத்தார். போன மாதம் அவர் மகள் வந்து கட்டாயப்படுத்திக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். இரண்டு கண்ணிலும் புரை, ரொம்ப முற்றிவிட்டது, இந்த மனிதர் இத்தனை நாள் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று டாக்டர் கேட்டாராம். பட்டப்பகலில் முகத்துக்கு முகம் டார்ச் அடிக்கிறாரே என்று மூன்று வருடமாக நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். ஒருவருக்கும் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்னமும் வெட்கமாக இருக்கிறது.

கண் ஆபரேஷனுக்கு மகள் விமான டிக்கெட் எடுத்திருந்தாள். அவர் கப்பலில்தான் சென்னைக்குப் போனார். விசிலும் டார்ச்சும் நோட்டும் லேப் மேசையில் இருக்கின்றன. முப்பத்தோராம் நம்பர் டேப் அலமாரியில் இருக்கிறது. மருத்துவ விடுப்புப் பட்டன் எங்கே இருக்கிறது என்று இப்போது எனக்கு நன்றாகவே தெரியும். அழுத்தவில்லை. அழுத்தினால் இடம் போகாது, ஆனால் காலியாகக் கிடக்கும்.

அதனால் தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேபைத் தாழிட்டுக்கொண்டு, ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு, அவருடைய ஐடியில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீள நோட்டில் மறக்காமல் எழுதியும் வைக்கிறேன். எச்.எம். சனிக்கிழமை கையெழுத்துப் போடுகிறார். கணக்கு எனக்கு வராது என்று முதலிலேயே சொன்னேன். ஐந்தாம் வகுப்பில் விட்டுவிட்டுப் போன மனிதரை இருபது நாளில் இரண்டாம் வகுப்புக்குக் கொண்டுவந்துவிட்டேன். திரும்பி வந்தால் சும்மா விடமாட்டார். வரட்டும். டார்ச் இல்லாமலே என் முகத்தை நன்றாகப் பார்த்து, ஆசை தீரத் திட்டட்டும்.